இறந்தவர் பெயரில் வந்த இ.சி.ஜி.

வியாழன், மதியம் 2:05.

மூன்று நாளாக அந்த அம்மாளுக்குத் தூக்கமில்லை. கணவரை ஞாயிற்றுக்கிழமை அடக்கம் செய்தாயிற்று. செவ்வாயன்று ஆஸ்பத்திரியிலிருந்து அவள் கைபேசிக்கு ஒரு தகவல்: கணவரின் கோப்பில் புது இ.சி.ஜி. சேர்ந்திருக்கிறது. புதனும் அப்படியே. இன்றும் அப்படியே. ஒவ்வொரு நாளும் மதியம் 1:20. யாருக்குத்தான் குலை நடுங்காது?

"நாங்க யாரைப் புதைச்சோம்? சொல்லுங்க மேடம்!" என்று இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

இன்ஸ்பெக்டர் பேய்க்குப் பயப்படுகிற பெண் அல்ல. ஆனாலும் செத்தவர் பெயருக்குக் கீழே அந்தக் கோடு ஏறி இறங்குவதைத் திரையில் பார்த்ததும் அவளுக்கே முதுகு சில்லிட்டது.

இதய டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "மூணு பதிவுலயும் ரெண்டு கைக் கம்பியும் இடம் மாறியிருக்கு. அதனால பழைய பதிவோட ஒப்பிட்டு யாருன்னு சொல்ல முடியல. ஆனா நெஞ்சுக் கம்பியில தெளிவாத் தெரியுது, நாளுக்கு நாள் மோசம். இது யாரோட இதயமா இருந்தாலும் உடனே படுக்க வைக்கணும். சாயங்காலம் வரைக்கும் தாங்காது."

2:20. இ.சி.ஜி. அறை. ஏசி குளிரில் கம்ப்யூட்டர்காரர், டெக்னீஷியன், நர்ஸ் மூவரும் இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றார்கள்.

"போன வாரம்தான் மெஷினையும் நோயாளி கோப்பையும் இணைச்சோம்," என்றார் கம்ப்யூட்டர்காரர். "இப்போ நோயாளி எண் போடாம காகிதமே வெளிய வராது. கோப்புல சேர்ந்ததும் வீட்டுக்குத் தகவல் தானாப் போயிடும்."

"தகவல் போறது இங்க எல்லாருக்கும் தெரியுமா?"

அவர் தலையைச் சொறிந்தார். "எண் விஷயத்தைச் சொன்னேன். இதைச் சொன்னேனான்னு ஞாபகம் இல்ல."

"மூணு நாளும் கைக் கம்பி ரெண்டும் மாறியிருக்கு. ஒண்ணே காலுக்கு மேல இந்த அறையில யாரு?"

"யாருமில்ல மேடம். ஒண்ணுலேர்ந்து ரெண்டு வரைக்கும் பூட்டிட்டுச் சாப்பிடப் போயிடுவேன்," என்றார் டெக்னீஷியன். "இன்னொரு சாவி நர்ஸ் கிட்ட."

நர்ஸின் முகம் வெளுத்தது. "ஐயோ, நான் அந்த மெஷினைத் தொட்டதே இல்ல!"

"அதான் கம்பி மாறியிருக்கு. சுத்தக் கத்துக்குட்டி வேலை. இருபது வருஷத்துல நான் ஒரு தடவைகூட மாத்தினதில்ல." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார் டெக்னீஷியன்.

அவ்வளவுதான், நர்ஸின் வேலைக்கு உலை வைத்தாயிற்று. அவள் அழத் தொடங்கினாள்.

2:35. இன்ஸ்பெக்டர் கட்டிலில் உட்கார்ந்து இரு கைகளையும் நீட்டினாள். "எனக்கு மாட்டிக் காட்டுங்க."

எதிரே நின்ற டெக்னீஷியன் பார்க்காமலே மாட்டினார். சிவப்பு அவளுடைய வலது கையில். மஞ்சள் இடது கையில். கச்சிதம்.

"இப்போ உங்களுக்கு. சீக்கிரம்!"

சிவப்புக் கம்பி நேராக அவருடைய இடது கைக்குப் போனது. அங்கேயே நின்றது.

"இருபது வருஷமா எதிர்ல இருக்கறவங்களுக்கே மாட்டின கை," என்றாள் இன்ஸ்பெக்டர். "சிவப்புன்னா உங்க இடது பக்கம் போய்த்தான் பழக்கம். கத்துக்குட்டி ஏதோ ஒரு நாள் மாத்துவான். மூணு நாளும் அதே மாதிரி மாத்தறவர், தனக்குத்தானே மாட்டிக்கிற கைதேர்ந்த ஆள். இந்தக் குளிர்ல வேர்க்கிறவரும் நீங்க ஒருத்தர்தான். அது உங்க இதயம்."

டெக்னீஷியன் கம்பியைக் கீழே வைத்தார். "நாலு நாளா நெஞ்சு வலி மேடம். அடுத்த வாரம் உடல் தகுதி சோதனை. என் பேர்ல பதிவானா வேலை போயிடும். செத்தவர் கோப்பை யாரு திறக்கப் போறாங்கன்னு..."

"அதுக்கு இந்தப் பொண்ணைப் பலி கொடுப்பீங்களா? வெட்கமா இல்ல? பேசாம படுங்க!"

நர்ஸ்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்ட்ரெச்சருக்கு ஓடினாள்.

வாசலில் நின்ற அம்மாள் மெல்ல உள்ளே வந்தாள். "அப்போ, அவர் இல்லையா?"

"இல்லம்மா."

அவள் வெகுநேரம் டெக்னீஷியனின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறைந்துவிடுவாளோ என்று இன்ஸ்பெக்டர் ஓரடி முன்னால் வந்தாள். ஆனால் அந்த அம்மாள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த மனுஷனும் இப்படித்தான். நெஞ்சு வலின்னு கடைசி வரைக்கும் வாயைத் திறக்கல," என்றாள். "உங்க வீட்டு நம்பரைச் சொல்லுங்க தம்பி. நான் பேசறேன்."