நுப்காஸ் பெற்ற பிள்ளை

உச்சிவெயில் கொளுத்துகிற நேரத்தில்தான் மந்திரக்காரர் பஷேது வந்து சேர்ந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் தயங்கி நின்றார். அடைத்த இருட்டில் வெதுவெதுப்பாய்த் தாய்ப்பால் வாடை.

"பிள்ளைக்கு என்ன, ஹெனுத்தம்மா?"

"எங்கிட்ட பாலே குடிக்க மாட்டேங்குறான் சாமி. மூணு நாளாச்சு. ஆனா வாடவே இல்ல. வாயோரத்துல பால் வழியுது!"

அவள் கணவன் மலைக்கு அப்பால் அரசர் கல்லறையில் பாறை குடைந்துகொண்டிருந்தான். வீட்டில் வேறு ஈ காக்கை கிடையாது.

குழந்தையின் கழுத்திலிருந்த செப்புத் தாயத்துக் குழலைத் திறந்து, உள்ளே சுருட்டியிருந்த நாணல் தாளைப் பஷேது விரித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் வெளிறியது.

"'பாம்பும் தேளும் செத்தவரும் தீண்டாமல், நுப்காஸ் பெற்ற பிள்ளையைக் காப்பாயாக.' இது செத்துப்போன உன் மூத்தாள் பேராச்சே! தாயத்துல பெத்தவ பேரைத்தான் எழுதுவோம். அவ மகன் போட்டிருந்தது இங்க எப்படி வந்துச்சு?"

படிக்கத் தெரியாத ஹெனுத் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூத்தாள் பிள்ளைக்கு இவ்வளவு நல்ல தாயத்து எதற்கு என்று வெடுக்கென அறுத்தெடுத்தவள் அவள்தான். சில நாளிலேயே அவனைத் தேள் கொட்டியது. பாவம், தாயில்லாப் பிள்ளை, துடிதுடித்துச் செத்தான்.

"அடிப்பாவி, நீதான் எடுத்தியா! இது கழுத்துல இருக்கிற வரைக்கும் இவனைத் தன் புள்ளைன்னு நெனச்சு அவ தாயா வருவா. அறுத்தா பேயா வருவா. நேரா அவ கல்லறைக்குப் போ. அப்பமும் பீரும் வெச்சு, செஞ்சதைச் சொல்லி அழு."

"அந்தச் சிறுக்கி கால்ல நான் விழணுமா? செத்தும் இந்த வீட்டுல அவ அதிகாரமா? போங்க சாமி, உங்க வேலையைப் பாத்துக்கிட்டு!"

அவர் தாளைக் குழலுக்குள் திணித்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

ஹெனுத் கதவைச் சாத்தினாள். பாயில் கிடந்த குழந்தை மூலையைப் பார்த்துச் சிரித்தது.

மூலையில் ஒன்றுமில்லை.

பால் வாடை நெருங்கி வந்தது.

பயமும் ஆத்திரமுமாய்க் கத்தியை எடுத்தாள். ஒரே இழுப்பு. தாயத்துக் கயிறு அறுந்தது.

"அறுத்துட்டியா?" காதோரம் ஒரு குரல். "எம்புள்ள கழுத்துலயும் இப்படித்தானே அறுத்தே?"

"வேணாம்க்கா... என்னைக் கொண்டு போ. இவன் ஒண்ணும் அறியாத பச்சப்புள்ள!"

"எம்புள்ள மட்டும் என்னத்தை அறிஞ்சான்?"

ஹெனுத் பாயைப் பார்த்தாள். குழந்தை பாயில் இல்லை. ஒரு முழம் மேலே, யாரோ மடியில் கிடப்பதுபோல் அந்தரத்தில் கிடந்தது.

அலறிக்கொண்டு பாய்ந்து கை நீட்டினாள்.

குழந்தையை எட்டுமுன் அவள் விரல்கள் ஒரு தோளில் முட்டின. கல்லறைச் சுவர்போல் சில்லென்றிருந்தது.

அந்தத் தோள் திரும்பவில்லை. குழந்தையை அணைத்தபடி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.