இடது முன் டயர்

காருக்குள் எலுமிச்சம்பழ வாடை அடித்தது.

ஆத்தப்பன் கண்ணாடியை இறக்கினான். அமராவதி நகரைத் தாண்டி வந்த வயல்காற்று ஈர வைக்கோலும் சாணமும் மணக்க உள்ளே வந்து சுற்றிவிட்டுப் போனது. எலுமிச்சை மட்டும் போகவில்லை. கடையில் விற்கிற வாசனைப் புட்டியின் இனிப்பு இதில் இல்லை. நசுங்கிய பழம், கொஞ்சம் மண், கொஞ்சம் சூடான ரப்பர். இந்த வண்டியை அவன் பழசாக வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது, அதற்குள் ஒரு எலுமிச்சம்பழம்கூட இதில் ஏறியதில்லை. பழைய வண்டிக்கு எதற்குப் பூசை என்று அதையும் விட்டுவிட்டான்.

பக்கத்து இருக்கையில் வர்ஷினி மூக்கைச் சுருக்கினாள். எட்டாம் வகுப்பு. அமராவதி நகரில் பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கிற அவளைக் காலாண்டு விடுமுறைக்கு வீட்டுக்கு அழைத்துப் போகிறான்.

"எலுமிச்சங்கா வாசமாட்ட வருதுங்கப்பா" என்றாள்.

அவளுக்கும் வருகிறது என்றதும் அவனுக்கு முதலில் ஆறுதலாக இருந்தது. அப்புறம் இல்லை.

உடுமலையைக் கடந்து பல்லடம் சாலையில் ஏறியபோது மணி ஐந்தரை. இரண்டு பக்கமும் காற்றாலைகள் வெயில் சாய்ந்த வானத்தில் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றின் நிழல்கள் சாலையின் மேல் விழுந்து, காரின் முன்கண்ணாடியில் ஏறி, வர்ஷினியின் முகத்தைத் தடவி, பின்னால் இறங்கிப் போய்க்கொண்டிருந்தன. அந்த நிழல்களுக்கு நடுவே ஒரு சத்தம் கேட்டது. டிக். வண்டி வேகம் எடுத்தால் அதுவும் வேகம் எடுத்தது. டயரில் கல் மாட்டியிருக்கும் என்று முதலில் நினைத்தான். ஆனால் கல்லின் சத்தம் தடிப்பாக இருக்கும். இது மெல்லிசாக, கூராக இருந்தது.

வர்ஷினி பள்ளிக் கதைகளைச் சொல்லிக்கொண்டே வந்தாள். போன முறை பெரியப்பா காரில் வந்தபோது கூரையைத் திறந்து வானம் பார்த்துக்கொண்டே வந்தாளாம். இந்தக் காரில் அது இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றான். பரவாயில்லைங்கப்பா என்றாள். அந்தப் பரவாயில்லைதான் அவனுக்குள் போய்க் குத்திக்கொண்டு நின்றது.

அவள் சொன்ன பெரியப்பா பொங்கியண்ணன், ஆத்தப்பனுடைய பெரியப்பா மகன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு பெருமாநல்லூரில் ஒரே தகரக் கொட்டகையில், ஆளுக்கு நான்கு தையல் மிஷினோடு இரண்டு பேரும் ஒரே நாளில் தொழில் தொடங்கினார்கள். இன்றைக்குப் பொங்கியண்ணனுக்கு மூன்று மாடிக் கம்பெனி. ஆத்தப்பனுக்கு அதே கொட்டகை. அங்கே தைக்கிற குழந்தைப் பனியன்களும் பொங்கியண்ணன் அனுப்பி வைக்கிற வேலைதான். திமிர் பிடித்த ஆளாக இருந்தாலாவது வெறுப்பதற்கு வசதியாக இருந்திருக்கும். பொங்கியண்ணன் நல்லவராக இருந்து தொலைத்தார். பண்டிகைக்குத் துணி எடுத்தால் ஆத்தப்பன் வீட்டுக்கும் சேர்த்து எடுப்பார். அதை உடுத்திக்கொண்டு நடக்கும்போதெல்லாம் ஆத்தப்பனுக்கு உடம்பு எரியும். அவர் கார் வாங்கிய மறுமாதமே அதே கம்பெனி, அதே மாடல், அதே வெள்ளை நிறத்தில் பழைய வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினான். பக்கத்தில் நிறுத்தினால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது என்று பொங்கியண்ணன் மனசாரச் சிரித்தார்.

டிக்.

பொங்கியண்ணனின் புதுக் காருக்குக் கோயில் வாசலில் பூசை போட்ட அன்று காலையில்தான் அது நடந்தது. பனியன் கம்பெனிகளில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. தைக்கும்போது ஊசி உடைந்தால் துண்டுகள் அத்தனையும் தேடிப் பொறுக்கி, நோட்டில் டேப் போட்டு ஒட்டிக் காட்டினால்தான் மாற்று ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் அது துணியோடு போய் எங்கோ ஒரு குழந்தையின் உடம்பில் ஏறிவிடும் என்ற பயம். அன்று காலையில் ஒட்டியிருந்த ஓர் ஊசியின் முனையை மட்டும் ஆத்தப்பன் நோட்டிலிருந்து நகத்தால் பெயர்த்து எடுத்தான். ஏன் எடுத்தான் என்று அந்த நேரத்தில் அவனுக்கே தெரியாது. கோயிலில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்க நான்கு சொந்தக்காரர்களைக் கூப்பிட்டபோது, "இதைய என்ற தம்பிதான் வெக்கோணும்" என்று இடது முன் சக்கரத்தை அவனுக்குக் கொடுத்தார் பொங்கியண்ணன். குனிந்து வைக்கும்போது முனையைப் பழத்துக்குள் அழுத்தினான். கார் நகர்ந்து பழம் நசுங்கியது. எல்லோரும் கும்பிட்டார்கள். அவனும் கும்பிட்டான்.

ஊசி முனைக்கு டயர் கிழியுமா என்று அப்புறம் தன்னையே கேலி செய்துகொண்டான். இரண்டரை மாதம் ஒன்றும் ஆகவில்லை. போன வாரம் பொங்கியண்ணன் போன் செய்தார். இடது முன் டயரில் காற்று இறங்குகிறது, பக்கவாட்டில் ஊசி குத்தினது போல ஓட்டை, பஞ்சர் ஒட்டலாமா, டயரையே மாற்றிவிடலாமா என்று கேட்டார். தரையில் உருளுகிற இடத்தில் குத்தினால் ஒட்டலாம், பக்கவாட்டில் குத்தினால் மாற்றித்தான் ஆக வேண்டும், ஒட்டினால் ஓடுகிற ஓட்டத்தில் வெடிக்கும். ஆத்தப்பனுக்கு இது நன்றாகத் தெரியும். புதுக் கார், மூன்று மாடி, திறக்கிற கூரை எல்லாம் அவன் கண்முன் வந்து போயின.

"நல்ல டயருங்ணா, மாத்த வேண்டாம். ஒட்டுனாப் போதும்" என்றான்.

அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினான்.

இப்போது பொங்கியண்ணனே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் அவர் குரல் காரை நிறைத்தது. பாப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பியாயிற்றா என்று கேட்டார். வர்ஷினி கன்னம் பூரிக்கப் பேசினாள். தன்னிடம் இத்தனை நேரம் பேசியதைவிடச் சந்தோஷமாகப் பேசுகிறாள் என்று ஆத்தப்பன் பார்த்துக்கொண்டே ஓட்டினான்.

"தம்பி, சொல்ல மறந்துட்டேன் பாரு" என்றார் பொங்கியண்ணன். "அந்த டயரு, நீ சொன்னியேன்னு ஒட்டியாச்சு. உன்ற அண்ணி பயந்துக்கிட்டா, அதனால எனக்கு வேற புதுசு போட்டுக்கிட்டேன். நல்ல டயருன்னு நீயே சொன்னீல்ல, வீசறக்கு மனசு வல்ல. முந்தாநேத்து ரெண்டு வண்டியும் சர்வீசுக்குப் போச்சில்ல, உன்ற முன்னாடி டயரு வழுவழுன்னு கெடந்துச்சுன்னு அதைய மாட்டச் சொல்லீட்டேன்."

சரீங்ணா என்று தன் வாய் சொல்வதை ஆத்தப்பன் கேட்டான்.

எந்தப் பக்கம் என்று அவன் கேட்கவில்லை. வர்ஷினி உட்கார்ந்திருந்த பக்கம்தான். டிக். டிக். டிக்.

வேகத்தைக் குறைத்து, கோழிப்பண்ணை ஒன்றின் பக்கத்தில் பஞ்சர் கடை தெரிந்ததும் ஒதுக்கினான். கடைக்காரர் ராக்கையா, சிவகங்கைப் பக்கத்துக்காரர். இடது முன் சக்கரத்தின் பக்கவாட்டைத் தடவியவர் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். அங்கே ரப்பர் புடைத்திருந்தது. ஒரு எலுமிச்சம்பழம் அளவு. கழற்றி, டயரைப் பிரித்து உள்ளே கைவிட்டுத் துழாவினார். விரல்கள் நனைந்து வந்தன. முகர்ந்து பார்த்தார்.

"என்னண்ணே இது, உள்ளுக்குள்ள எலுமிச்சஞ்சாறு மாதிரி இருக்கு" என்றார். கையை மண்ணில் தேய்த்துத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். "இதுல ஒட்டு நிக்காதுண்ணே. மாத்தணும். இந்தச் சைசு எங்கிட்ட இல்ல."

ஸ்டெப்னியை எடுக்கச் சொன்னார். அதை ஆத்தப்பன் வண்டி வாங்கிய நாளிலிருந்து பார்த்ததே இல்லை. விளிம்பு வெடித்துக் கிடந்தது. யாரையாவது வண்டி கொண்டு வரச் சொல்லுங்கள், பிள்ளையை வைத்துக்கொண்டு இதில் போகாதீர்கள் என்றார் ராக்கையா. இருட்டத் தொடங்கியிருந்தது. பண்ணையிலிருந்து ஆயிரம் கோழிகளின் முனகலும் எருவின் காரமும் வந்தன. எல்லாவற்றுக்கும் மேலே எலுமிச்சை.

"பெரியப்பாவக் கூப்புடலாங்கப்பா" என்றாள் வர்ஷினி. "ஒரு மணி நேரத்துல வந்துருவாருங்க."

கடையின் குண்டு பல்பு வெளிச்சத்தில் அவள் முகம் மலர்ந்திருந்தது. ஆத்தப்பன் அந்த முகத்தைப் பார்த்தான். புதுக் கார் வந்து நிற்கும். இவள் ஓடிப்போய் ஏறுவாள். கூரை திறக்கும். அவன் பின்னால் உட்கார்ந்து வர வேண்டும், இன்னும் ஒரு நன்றிக்கடனோடு. போனைக் கையில் எடுத்தான். பொங்கியண்ணன் பெயர் திரையில் முதலில் நின்றது. ஒரு தடவை அழுத்தினால் போதும், பிள்ளை பத்திரமாக வீடு சேர்ந்துவிடும். அது அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

போனைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

"ஒட்டிக் குடுங்க" என்றான்.

ராக்கையா அந்தப் புடைப்பை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார். பிறகு ஒட்டினார். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவர்கள் கிளம்புவதற்கு முன்பே கடை விளக்கை அணைத்தார்.

மெதுவாக ஓட்டினான். முப்பதுக்கு மேல் போகவில்லை. சாலை வெறிச்சென்று கிடந்தது. காற்றாலைகளின் உச்சியில் சிவப்பு விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தன. சத்தம் இல்லை. ஒட்டு நிற்கிறது என்று நினைத்தான். பொங்கியண்ணன் தயவு இல்லாமலே வீடு போய்ச் சேருவோம் என்று நினைத்தான். அப்போது அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

டிக்.

வேகத்தைக் குறைத்தான். சத்தம் குறையவில்லை. இருபது. பத்து. டிக். டிக். அதே கணக்கில்.

வண்டியை நிறுத்தினான். இஞ்சினை அணைத்தான்.

டிக்.

சக்கரத்திலிருந்து வரவில்லை. உள்ளே. இடது பக்கம்.

வர்ஷினி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடையை விட்டுக் கிளம்பியதிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கோபமாக இருக்கும் என்று விட்டிருந்தான். எலுமிச்சை வாடை கண்ணை எரித்தது.

"கண்ணு" என்றான்.

டிக்.

"வர்ஷினி. இங்க பாரு."

விளக்கைப் போட்டான். அவள் திரும்பினாள். உதடுகள் இறுக மூடியிருந்தன. உதட்டோரம் சாறு ஒழுகியிருந்தது. இடது கன்னம் புடைத்திருந்தது. ஒரு எலுமிச்சம்பழம் அளவு.

"வாயில என்ன கண்ணு?"

தலையை ஆட்டினாள். திறக்க முடியவில்லை என்று ஆட்டினாள். கண் நிறைய நீர். டிக். பல்லில் எதுவோ மெல்லிசாக இடித்தது. டிக்.

புடைத்த கன்னத்தின் நடுவில் தோல் கூம்பியது. வெளுத்தது. ரத்தம் வரவில்லை. உள்ளிருந்து ஒரு முனை வெளியே வந்து வெளிச்சத்தில் மின்னியது. அவன் கொட்டகை நோட்டில், டேப்புக்கு அடியில் காலியாகக் கிடந்த இடத்தின் நீளம்.

பிடுங்கிவிடலாம் என்று ஆத்தப்பன் விரலை நீட்டினான்.

அதன் பக்கத்தில் இன்னொரு முனை வந்தது.