மூடப் போறோம்

சுண்டெலிக்குப் பயப்படக் காரணமே தேவையில்லை. குக்கர் விசிலடித்தால் திடுக்கிடுவாள். பக்கத்து வீட்டு நாய் கொட்டாவி விட்டால்கூட அம்மாவின் பின்னால் ஒளிவாள். அம்மா வைத்த செல்லப்பெயர் சும்மா ஒட்டிக்கொள்ளவில்லை.

அப்படிப்பட்டவளுக்குப் பிடித்தது, பயம் என்றால் என்னவென்றே தெரியாத ஒருத்தியை. தொலைக்காட்சியில் 'நீர்க்காவல்' தொடரில் படகோட்டிக்கொண்டு வருவாளே, அவளைத்தான். குப்பை அடைத்துக் கிடந்த ஆற்றைத் தோழிகளோடு சேர்ந்து மீட்பவள். ரசிகர்களுக்கு அவள் 'கேப்டன் அக்கா'. இணையத்தில் அவர்கள் வைத்திருந்த குழுவின் பெயர் 'அக்கா படை'. எந்த ஊரிலாவது ஒரு குளம் சுத்தமானால் யாராவது அதைப் படம் பிடித்துப் போடுவார்கள். உடனே எல்லோரும் குட்டிப் படகுப் படங்களை அனுப்புவார்கள். அதுதான் அவர்களுடைய கைதட்டல்.

அம்மாவும் அந்தப் படையில் ஓர் ஆள். அம்மா பேருந்து ஓட்டுநர். ஓட்டும்போது கைபேசி கூடாது என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவாள். சுண்டெலி அதில் எழுதலாம், ஆனால் கேட்டுவிட்டுத்தான்.

அன்று அவள் கேட்கவில்லை.

பள்ளிவிட்டு வரும்போது, தெருமுனைக் குளத்தின் காவலாளி மாமா யாரிடமோ போனில் பேசியது காதில் விழுந்தது. "நாளைக்குக் காலைல குளத்தை மூடப் போறோம். யாரையும் கிட்ட விடக் கூடாது."

சுண்டெலிக்குப் பகீரென்றது. போன மாதம் பக்கத்துப் பள்ளத்தையும் இப்படித்தான் மண் லாரி வந்து மூடிவிட்டுப் போனது. சாக்கடையாகக் கிடந்து, ஊரே சேர்ந்து சுத்தம் செய்த குளம் இது. ஓட்டமாக ஓடி வந்து எழுதினாள்: "எங்கள் குளத்தை நாளைக் காலை மண் கொட்டி மூடப் போகிறார்கள். காப்பாற்றுங்கள்."

அப்பா கொடுத்த பாலைக் குடித்து முடிப்பதற்குள் குழு கொதித்துவிட்டது. பக்கத்து ஊர்களில் இருப்பவர்கள் எல்லாம் வருகிறார்களாம். மேளம், விசில், தட்டு, கரண்டி என்று சத்தம் போட என்ன கிடைத்தாலும் கொண்டுவர வேண்டுமாம். ஒருவர் கேட்டிருந்தார்: "அந்தக் காவலாளி யாரு? படம் போடு. நாங்க பார்த்துக்கிறோம்."

சுண்டெலி கைபேசியைக் கீழே வைத்தாள். மாமாவை என்ன செய்வார்கள்? தினமும் அவளுக்குக் கையசைப்பவர் ஆயிற்றே. அவரிடம் சொல்லிவிடலாம் என்று குளத்துக்கே திரும்ப ஓடினாள்.

மாமா கேட்டில் மாட்டுவதற்காக ஒரு பலகையில் எழுதிக்கொண்டிருந்தார்.

"நாணலுக்குள்ள நீர்க்கோழி முட்டை வெச்சிருக்கு பாப்பா," என்றார் தாழ்ந்த குரலில். "குளம் சுத்தமானப்புறம் இப்பத்தான் முதல் தடவை. குஞ்சு பொரிக்கிற வரைக்கும் கேட்டை மூடப் போறோம். சத்தம் கேட்டா கூட்டை விட்டுட்டுப் போயிடும்."

சொல்ல வந்ததைச் சொல்லாமலே சுண்டெலி வீட்டுக்கு ஓடினாள். நாளைக்கு மேளத்தோடு ஒரு கூட்டம் வருகிறது. அதை அழைத்ததே அவள்தான்.

அம்மா வேலை முடிந்து வந்ததும் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா கைபேசியைப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது. அழித்துப் பயனில்லை, அதற்குள் பலர் அதை எடுத்து வேறு இடங்களிலும் போட்டுவிட்டார்கள்.

"நான் எழுதட்டுமா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. மண்ணை நான்தானே கொட்டினேன்."

கைபேசியை வாங்கி எழுதினாள். "நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். மூடப் போவது கேட்டை மட்டும்தான். மண் கொட்டுவார்கள் என்பது நானாகச் சேர்த்தது. உள்ளே நீர்க்கோழி அடைகாக்கிறது. காவலாளி மாமா அதைத்தான் காப்பாற்றுகிறார். தொடரில் கேப்டன் அக்கா ஒருமுறை நாணலுக்குள் அசையாமல் படுத்துக் காவல் இருந்தாளே, நாமும் அப்படி இருப்போம். தயவுசெய்து வராதீர்கள்."

முதலில் ஒருவர் எழுதினார்: "இதெல்லாம் விளையாட்டா?" சுண்டெலி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்தபோது ஒரு படகு வந்திருந்தது. அடுத்து இன்னொன்று. அப்புறம் திரை முழுக்கப் படகுகள்.

ஆனால் எல்லோரும் படித்திருப்பார்களா?

விடிந்ததும் அம்மாவும் அவளும் கேட்டின் முன்னால் போய் நின்றார்கள். பயந்தது போலவே ஒரு வேன் வந்து நின்றது. கேப்டன் அக்கா படம் போட்ட சட்டைகள் இறங்கின. முன்னால் வந்த பெண்ணின் கழுத்தில் பெரிய மேளம். குச்சியை ஓங்கிவிட்டாள்.

சுண்டெலி குறுக்கே ஓடினாள். கத்தத்தான் வாயைத் திறந்தாள். பயத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது. வந்தது காற்றுப் போன்ற கிசுகிசுப்புதான்.

"அடிக்காதீங்கக்கா... முட்டை இருக்கு."

ஓங்கிய குச்சி அப்படியே நின்றது. அவ்வளவு மெல்லப் பேசினால் யாரும் குனிந்துதானே கேட்க வேண்டும்? மேளக்கார அக்காவும் குனிந்தாள். சுண்டெலியின் விரல் நாணலைக் காட்டியது. அங்கே ஒரு கறுத்த தலை மட்டும் தெரிந்தது. அக்கா சத்தம் வராமல் மேளத்தைக் கழற்றி வேனுக்குள் வைத்தாள். மற்றவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு வேனுக்குத் திரும்பினார்கள்.

கேட் மறுபடி திறந்த அன்று, தண்ணீரில் தாய்க்குப் பின்னால் குஞ்சுகள் வரிசையாகப் போயின. சுண்டெலி அதைப் படம் பிடித்தாள். இந்த முறை அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் குழுவில் போட்டாள்.

"அன்னைக்கு அத்தனை பேரை எப்படி பாப்பா சத்தமே இல்லாம நிறுத்தினே?" என்று கேட்டார் காவலாளி மாமா.

"பயத்துல எனக்குக் குரலே வரல மாமா," என்றாள் சுண்டெலி.