கேட்டருகே கைதட்டியது

கேட்டுக்கு வெளியே யாரோ இரண்டு முறை கைதட்டினார்கள், நாய் குரைக்கவில்லை.

அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்த சுலேமா நிமிர்ந்தாள். பட்டகோனியாவின் அந்தப் பொட்டல்வெளியில் எவன் வந்தாலும் கேட்டருகே நின்று கைதட்டுவான்; வீட்டார் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே காலை வைப்பான். ஆனால் விடிந்ததிலிருந்து கூரைத் தகரத்தை உலுக்கி, ஆட்டுக் கொட்டகையை மூடி, ஜன்னலின் பாதிவரை ஏறிவிட்ட இந்தப் பனிப்புயலில் எந்தப் பைத்தியம் வரும்? அதுவும் உறை போடாத வெறுங்கையின் சத்தம். ஆடுகளை ஓட்டிவரப் போன புருஷன் எவாரிஸ்தோ இன்னும் திரும்பவில்லை. ஆனால் சொந்த வீட்டில் எவன் கைதட்டுவான்?

பனியில் மனுஷனை நிறுத்திவைப்பது மகாபாவம். பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது.

"யாருங்க? உள்ள வாங்க."

யாரும் வரவில்லை. நாய் மேசைக்கடியில் போய்ச் சுருண்டது. ரேடியோ மட்டும் பண்ணை வீடுகளுக்கு வந்த சேதிகளைக் கரகரத்தபடி வாசித்தது: ஒருத்தன் மகளுக்குப் பிரசவம், இன்னொருத்தன் குதிரை கிடைத்துவிட்டது. காலையிலிருந்து அவள் கேட்ட ஒரே மனிதக் குரல் அதுதான். எவாரிஸ்தோவைப் பற்றி ஒரு வார்த்தை வராதா என்று மனசு கிடந்து தவித்தது.

மறுபடி கைதட்டல். இந்த முறை கதவருகே.

"சுலே, நாந்தான்டி. கை மரத்துப்போச்சு."

அவன் குரலேதான். ஓடிப்போய்த் தாழ்ப்பாளில் கைவைத்தாள். சட்டென்று கையை எடுத்தாள்.

"உன் வீட்டுக்கு நீ எதுக்குக் கைதட்டுற?"

கதவில் காதை ஒட்டினாள்.

"நம்ம நாய் பேரு என்ன, சொல்லு பாப்போம்."

"குளுருதுடி."

திறக்காவிட்டால் வாசலிலேயே விறைத்துச் சாவான். திறந்தால்? அழுகை வந்தது. தாழ்ப்பாளைப் பாதி இழுத்துவிட்டாள்.

"சுலேமாவுக்கு," என்றது ரேடியோ. "உங்கள் புருஷன் எவாரிஸ்தோ, பக்கத்துப் பண்ணை அன்செல்மோவின் வீட்டில் பத்திரமாக இருக்கிறார். புயல் ஓய்ந்ததும் வருவார்."

போன உயிர் வந்தது. வந்த வேகத்தில் போனது.

தாழ்ப்பாளைத் திரும்பத் தள்ளினாள்.

"போயிரு. உள்ள வராத."

"அதான் அப்பவே வரச் சொல்லிட்டியே."

குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

திரும்பினாள்.

அடுப்பருகே எவாரிஸ்தோவின் நாற்காலி. அதில் ஒன்று உட்கார்ந்திருந்தது. தலை, தோள், மடியெல்லாம் பனி. அனல் முகத்தில் அடித்தும் ஒரு பொட்டு உருகவில்லை. வந்த விருந்தாளிக்கு முதலில் கொடுக்கும் மாத்தேத் தேநீருக்காக, அது வெறுங்கையை நீட்டியபடி காத்திருந்தது.