நாலாவது தட்டு

வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட நெருங்கி உட்காருங்க. இன்றைக்கு ஒரு திருட்டுக் கதை. திருடு போனது குந்துமணித் தங்கம்தான், ஆனால் அதற்குள் மூன்று பேருடைய அழுகை இருந்தது. தடயம் எதையும் உங்களிடம் ஒளிக்க மாட்டேன். சித்ரா பார்த்ததையெல்லாம் நீங்களும் பார்ப்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை, பகல் இரண்டரை மணி. ஏற்காட்டு மலை ஏறுகிற பாதைக்குக் கீழே, கொண்டப்பநாயக்கன்பட்டியில், 'ஹானுல்' என்று ஒரு கொரியச் சாப்பாட்டுக் கடை. பெரிய இடம். கார் நிறுத்தவே ஆள் உண்டு. அங்கே எல்லாம் ஒரே இலையில் வராது. சின்னச் சின்னத் தட்டாக, ஒன்று தீர்ந்தால் ஒன்று, சாவகாசமாக வரும்.

சப்-இன்ஸ்பெக்டர் சித்ரா உள்ளே நுழைந்தபோது, ஜன்னலோரத்து மேசை மேல் ஒரு பெண்ணின் கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டியிருந்தார்கள். பல் உடைந்த சீப்பு, கடித்து மீதி வைத்த பன், பஸ் பாஸ், ஒரு தலைவலித் தைலம். அவ்வளவுதான். பக்கத்தில் பரிமாறுகிற பெண் ரஞ்சிதா கருப்புக் கையுறையைக்கூடக் கழற்றாமல் நின்று அழுதுகொண்டிருந்தாள். மற்ற மேசைக்காரர்கள் சாப்பிடுவதை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரு இதக் கொட்டுனது?"

"நான்தான் மேடம்," என்றார் மேனேஜர் தனசேகர். "கடை பேரு கெட்டுப்போகும். இவளை இன்னிக்கே நிறுத்திடறேன்."

"திருடின்னு நான் சொல்ற வரைக்கும் பொறுங்க. எல்லாத்தையும் எடுத்து உள்ள வைங்க. நீங்களே வைங்க."

புகார் கொடுத்தவன் மோகன்குமார். திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கிற குடும்பம். அவன் அப்பா அர்த்தநாரி, அம்மா சௌந்திரம். மூன்று பேர் வந்திருந்தார்கள், மேசையில் நாலு தட்டு இருந்தது.

"நாலாவது யாருக்குங்கம்மா?"

சௌந்திரம் காலி நாற்காலியைப் பார்த்தாள். "எம்புள்ளைக்குங்க. சௌந்தர்யா. போன வருஷம் காய்ச்சல்ல போயிட்டா. இன்னிக்கு அவ பொறந்த நாளு. சேலத்துல வேலை பார்த்தப்ப இந்தக் கடைச் சோத்தப் பத்தியே பேசுவா. சரி, அவளுக்கு இங்கயே படைக்கலாமுன்னு, அவ பேருலயே மேசை சொல்லி வெச்சு வந்தோமுங்க."

கல்யாணமாகாமல் போன பெண் அந்த வீட்டுக்குக் கன்னித் தெய்வம். அவள் பொருளை மஞ்சள் துணியில் முடிந்து வைத்துக் கும்பிடுவார்கள். சௌந்தர்யா விரலில் கடைசியாக இருந்த மோதிரத்தை அப்படித்தான் முடிந்து, நாலாவது தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, மேலே மல்லிகைச் சரத்தைப் போட்டிருந்தாள் அம்மா.

"மொதச் சம்பளத்துல வாங்குன மோதிரமுங்க," என்றாள். "இனிப்பு வர நேரமாகும், அதுக்குள்ள மலையப் பாருங்கன்னாங்க. மூணு பேரும் பால்கனிக்குப் போனோம். திரும்பி வந்தா இந்தப் புள்ள மேசையண்ட குனிஞ்சு நிக்குது. பூவு நகர்ந்து கெடக்குது. உருண்டையா இருந்த முடிச்சு சப்பையாப் போச்சுங்க."

"அவுத்துப் பார்த்தீங்களா?"

"எச்சக் கையில எப்படிங்க தொடறது? நீங்க வர்ற வரைக்கும் யாரும் தொடல."

சித்ரா கை கழுவிக்கொண்டு வந்து முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை. துணியை வெளிச்சத்தில் விரித்தாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. மல்லிகைச் சரத்தில் மட்டும் ஒரு இடத்தில் சிவப்பாக மிளகாய் விழுது அப்பியிருந்தது.

"பூவ நகர்த்துனது நீயா?"

"ஆமாங்க மேடம். இனிப்புக் கிண்ணம் வைக்க எடமில்ல, கொஞ்சம் தள்ளி வெச்சேன். துணியத் தொடல. சத்தியமா."

"கையுறை எப்பக் கழட்டுன?"

"கழட்டவே இல்லீங்க. கறிய மேசையிலயே சுட்டு, கத்தரியில வெட்டிக் குடுக்கணும்." அவள் கையை நீட்டினாள். கையுறை முழுக்க எண்ணெயும் மிளகாயும்.

தனசேகர் குறுக்கே வந்தார். "இவளத் தவிர வேற யாரும் இந்த மேசைகிட்ட வரல மேடம். கேமரா கல்லாவத்தான் பார்க்கும்."

சித்ரா மேசையைச் சுற்றி வந்தாள். முதலில் கிம்ச்சி என்கிற மாங்காய் ஊறுகாய், அடுத்து மிளகாய் விழுதில் புரட்டிய அரிசிக் கொழுக்கட்டை, மூன்றாவது மேச்சேரி ஆட்டுக்கறி. பிறகு ராகித் தோசையில் சுருட்டிய கோழி, ஐந்தாவதாகக் கல்சட்டிச் சோறு. கடைசியில் ஜவ்வரிசி இனிப்பு, அதை இன்னும் யாரும் தொடவில்லை. மோகன்குமார் தட்டும் சௌந்திரம் தட்டும் வழித்த மாதிரி இருந்தன. அர்த்தநாரி தட்டில் கோழியும் சோறும் வைத்தது வைத்தபடி. நாலாவது தட்டில் எல்லாமே வைத்தது வைத்தபடி. ஆனால் மற்ற மூன்று தட்டிலும் வெள்ளை எள் ஒட்டிக் கிடக்க, நாலாவதில் ஒரு எள்கூட இல்லை.

"உங்க மகளுக்கு எள்ளு புடிக்காதுங்களாம்மா?"

சௌந்திரம் திடுக்கிட்டாள். "எள்ளு பட்டா மேலெல்லாம் தடிச்சிரும் அவளுக்கு. நாங்க சொல்லவே இல்லீங்களே!"

சித்ரா திறந்த சமையலறைப் பக்கம் பார்த்தாள். அடுப்பண்டை ஒரு இளைஞன் முதுகைக் காட்டி நின்றான். அடுப்பில் ஏதோ தீய்ந்த வாசனை வந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

"நடுவுல யாராச்சும் எந்திரிச்சீங்களா?"

"கறித் தட்டு முடிஞ்சதும் எனக்கு நெஞ்ச அடைச்சிருச்சு," என்றாள் சௌந்திரம். "இந்தப் புள்ளதான் வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போச்சு. எச்சக் கையத் தூக்கிப் புடிச்சுக்கிட்டே நின்னு அழுதேனுங்க."

"எனக்கு ஆந்திராவுல வண்டி நின்னுபோச்சுன்னு போன்," என்றான் மோகன்குமார். அவன் வலது கை விரலில் இன்னும் சிவப்புக் காய்ந்திருந்தது. "எடது கையில போனப் புடிச்சுக்கிட்டு வெளிய நின்னேன். அப்பா இங்கதான் இருந்தாருங்க."

சித்ரா அர்த்தநாரிக்கு எதிரே உட்கார்ந்தாள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மடியில் கிடந்த கைகள் ஒரு துளிக் கறையில்லாமல் சுத்தமாக இருந்தன.

"ஐயா, எப்பக் கை கழுவுனீங்க?"

"சாப்பிட்டு முடிச்சுத்தானுங்க."

"சாப்பாடுதான் இன்னும் முடியலையே? இனிப்பே இப்பத்தான வந்துருக்கு."

சித்ரா குரலைத் தாழ்த்தினாள்.

"மூணு தட்டு வந்ததும் அவ்வளவுதான்னு நெனச்சுட்டீங்க. நம்மூட்டுச் சோறு மாதிரி ஒரே எலையில வந்திருந்தா நானும் கண்டுபுடிச்சிருக்க மாட்டேன். ஆனா மறுபடியும் ரெண்டு தட்டு வந்துச்சு. கழுவுன கைய மறுபடியும் சோத்துல வைக்க உங்களுக்கு மனசு வரல. திருட வந்தவளா இருந்தா துணியோட சுருட்டிட்டுப் போயிருப்பா. கையுறையோட தொட்டிருந்தா துணி செவந்திருக்கும், அந்தப் பூவு மாதிரி. இது ரெண்டு கையும் சுத்தமா வெச்சு, பயபக்தியா அவுத்து, மறுபடியும் முடிஞ்ச ஆளு. எச்சக் கையால கன்னியத் தொடக் கூடாதுன்னு நெனைக்கிற ஆளு. நீங்களே சொல்றீங்களா? இல்ல, நான் சொல்லட்டுங்களா?"

"ஏனுங்க..." என்றாள் சௌந்திரம்.

அர்த்தநாரி கையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அது அவ சம்பளத்துல வாங்குனது இல்ல சௌந்திரம். அந்தப் பையன் குடுத்தது. இளவழகன்னு, இங்க சமைக்கிறானே, அவன். ஒருக்கா நம்ம ஊட்டு வாசல் வரைக்கும் வந்தான். நீ கோயிலுக்குப் போயிருந்த. நான் உசுரோட இருக்கற வரைக்கும் நடக்காதுன்னு தொரத்திட்டேன். வேற ஆளுங்கன்னு... அப்பறம் புள்ள எங்கிட்டப் பேசவே இல்ல. பேசாமலே போயிட்டா. இன்னிக்கு அவன அடுப்பண்ட பார்த்தேன். எள்ளெடுத்துட்டுத் தட்டு அனுப்பறான். எனக்குத் தாங்கல. அவனோடத அவங்கிட்டக் குடுத்துட்டேன். உனக்குத் தெரிஞ்சா எம்மூஞ்சியில முழிப்பியான்னு பயந்து, சொல்லாதேன்னு கையெடுத்துக் கும்பிட்டேன்."

"இந்தப் பொண்ணு பையக் கொட்டுனப்பகூடவா வாய் தொறக்கல?" சித்ராவின் குரலில் இப்போது போலீஸ் இருந்தது. "தொலஞ்சதுன்னு உட்ருவாங்கன்னு பார்த்தீங்க. திருட்டுப் பேரு ஒட்டுனா ஊருக்குள்ள இவ எப்படிங்க நடப்பா?"

பெரியவர் எழுந்தார். எல்லா மேசைக்கும் கேட்கும்படி, "இந்தப் புள்ள எதையும் எடுக்கல. எடுத்தவன் நான்," என்றார். பிறகு ரஞ்சிதா முன்னால் தலை குனிந்தார்.

ரஞ்சிதா கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "ஒரு வார்த்தை முன்னாலயே சொல்லியிருந்தா போதுமுங்களே ஐயா," என்றாள். தன் பையை மட்டும் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். தனசேகர் ஏதோ சொல்ல வந்தார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

அடுப்பண்டை இருந்த இளவழகன் வெளியே வந்திருந்தான். விரித்த உள்ளங்கையில் மோதிரம். "தப்பு எம்மேலயும்தானுங்க. வாக்குக் குடுத்துட்டேன்னு வாயக் கட்டிக்கிட்டு நின்னுட்டேன். ரஞ்சிதா, மன்னிச்சிரு."

சௌந்திரம் மோதிரத்தை எடுக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள்.

"அவ போனப்ப நீ வந்தியா சாமி?"

"தெரியாதுங்கம்மா. போன் எடுக்கலையேன்னு தேடிக்கிட்டு திருச்செங்கோடு வந்தேன். பஸ் ஸ்டாண்டுல கண்ணீர் அஞ்சலி பேனருல அவ படத்தப் பார்த்துத்தான்..."

சௌந்திரம் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை. அவர் திட்டுக்குக் காத்திருந்தார், அது வரவேயில்லை. காலி நாற்காலியை அவள் இழுத்துப் போட்டாள்.

"உக்காரு சாமி. அவளுக்கு வெச்சது ஆறிப்போச்சு. படைச்ச சோறு வீணாகக் கூடாது. நீ சாப்புடு."

அவன் உட்கார்ந்தான். கொரியக்காரர்கள் சாப்பிடுகிற குச்சியைத் தொடாமல், கையாலேயே, ஒவ்வொரு வாயாக, எள்ளில்லாத அந்தச் சோற்றைச் சாப்பிட்டான். சௌந்திரம் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். அர்த்தநாரி கழுவின கையோடு சுவரோரமாக நின்றார். அவரை உட்காரச் சொல்ல அங்கே ஆளில்லை.

மோகன்குமார் புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டான். சித்ரா ரஞ்சிதாவைத் தன் வண்டியிலேயே ஏற்றி, அவள் வீட்டு வாசலில், தெருவே பார்க்க இறக்கி, "உங்க பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லம்மா, சாட்சி சொல்லத்தான் இருக்கச் சொன்னோம்," என்று நாலு பேர் காதில் விழச் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவ்வளவுதான் கண்ணுங்களா. கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வாய் திறந்து கேட்கும்போதே காது கொடுக்கிற பெரியவர்கள் உங்களுக்கு வாய்க்கட்டும். செய்யாத தப்புக்கு உங்கள் பெண்களின் பையை யாரும் கவிழ்க்காமல் இருக்கட்டும். உங்கள் மேசையில் ஒரு நாற்காலியும் காலியாகாமல், போட்ட தட்டிலெல்லாம் உசுருள்ள கை விழுந்து, சோறு சூடாகவே தீரட்டும். நல்லா இருங்க சாமி, குடும்பத்தோட.