காணாமல் போன பாயசப் போஸ்டர்

மாலை மூன்று மணி. சேலையூர் தொடங்கி மாடம்பாக்கம் வரை ஒரு டீக்கடையிலும் 'மாலை இடி' பேப்பரின் அன்றைய போஸ்டர் இல்லை. தட்டிகளில் நேற்றைய போஸ்டர் ஜம்மென்று தொங்கிக்கொண்டிருந்தது.

பேப்பர் ஏஜென்ட் அசரியா, சப்-இன்ஸ்பெக்டர் ஹேமாவதியிடம் புகார் மனுவை நீட்டினார். கூடவே ஒரு கல்யாணப் பத்திரிகை.

"நாளைக்கு நம்ம பொண்ணு கல்யாணம் மேடம், அவசியம் வந்துடணும். ரெண்டு மணிக்குப் போஸ்டர் தொங்கவிட்டேன். எவனோ மாத்திட்டான். ஆபீஸ்லேந்து செக்கிங் வந்தா ஏஜென்சியே பூடும்."

"அப்படி என்ன தலைப்பு?"

செல்போனில் காட்டினார். 'ரோஸி கேட்டரிங் விருந்தில் பயங்கரம்! 300 பேர் கதறல்!'

கான்ஸ்டபிள் எழில் பதறிவிட்டான். ஹேமாவதி பேப்பரைப் பிரித்தாள். நான்காம் பக்கம், மூலம் பவுத்திர விளம்பரத்துக்கு அடியில் செய்தி பதுங்கியிருந்தது. பெரும்பாக்கத்தில் ஒரு வரவேற்பில் கடைசிப் பந்திக்குப் பாயசம் தீர்ந்துவிட்டதாம். கதறியது யார் என்று கடைசி வரை சொல்லவில்லை.

"ரோஸிதான் மேடம் எடுத்திருப்பாங்க. பேரு நாறிடும்ல?" என்றான் எழில்.

ரோஸி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எந்தப் போஸ்டர் மேடம்? காலையிலேந்து இந்த மூட்டைய விட்டு எழுந்துக்கல. நாளைக்குப் பெரிய ஆர்டர்."

தலைப்பைப் பார்த்ததும் கண்ணீர் கொட்டியது. வெங்காயத்தின் மேல் பழி போட முடியாத அழுகை.

"இனிமே எவன் மேடம் ஆர்டர் குடுப்பான்? கேரட் அல்வா வெச்சேனே, அத்த எழுதினானா?"

அடுத்து முனியம்மாவின் டீக்கடை. ஹேமாவதி பஜ்ஜியைக் கடித்தபடி தட்டியைப் பார்த்தாள். 'ஏரியில் முதலை?' கேள்விக்குறி கொசு அளவு. காகிதத்தில் ஒரு மடிப்பில்லை, ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

"யார் மாத்துனாங்கன்னு பாத்தீங்களா அக்கா?"

"கண்ணு சொக்கிட்ச்சு மேடம். ஆனா இது இன்னா கூத்து? நேத்து போஸ்டர்ல நேத்தே பஜ்ஜி கட்டிக் குட்துட்டேனே! எல்லாக் கடையிலயும் அப்டித்தான்."

ஹேமாவதி பஜ்ஜியைக் கீழே வைத்தாள். "எழில், அசரியாவைக் கூப்பிடு."

வந்தார்.

"அண்ணா, போஸ்டர எடுத்தது நீங்கதான்."

"நானா? புகார் குடுத்ததே நான்தானே மேடம்!"

"ஆபீசுக்குக் கணக்குக் காட்டத்தானே குடுத்தீங்க? கடைக்காரங்க நேத்துப் போஸ்டர நேத்தே பஜ்ஜிக்குக் கிழிச்சுட்டாங்க. எண்ணெய் படாத நேத்துப் போஸ்டர் மிச்சம் இருக்கிறது உங்க குடோன்ல மட்டும்தான். வேற யாராவது எடுத்திருந்தா தட்டிய காலியா விட்டுட்டுப் போயிருப்பாங்க. காலித் தட்டியப் பாத்தா உங்களுக்குத்தான் மனசு கேக்காது." கல்யாணப் பத்திரிகையை எடுத்தாள். "நாளைக்கு யார் சமையல்?"

அசரியாவின் தோள்கள் தொங்கின.

"ரோஸி. சம்பந்தி வூட்ல ஒரு மாதிரி மேடம். இத்தப் பாத்தா கல்யாணத்தையே நிறுத்திடுவாங்க. உள்ள பிரிச்சுப் படிக்க மாட்டாங்க."

"இத்தனை வருஷமா யாருண்ணா பிரிச்சுப் படிச்சாங்க?"

அசரியா உண்மையிலேயே வெட்கப்பட்டார். மனுவை வாங்கித் தானே கிழித்தார்.

கல்யாணம் ஜோராக நடந்தது. ஹேமாவதியும் எழிலும் அசரியாவின் இரு பக்கமும் உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு டம்ளர் பாயசம் குடித்தார்கள். ரோஸி மூன்றாவதும் ஊற்ற வந்தாள்.

மறுநாள் பிற்பகல் போஸ்டர் கட்டு வந்தது. 'மணமகள் தந்தையைச் சுற்றி வளைத்தது போலீஸ்!'

அசரியா ஒன்றையும் ஒளிக்கவில்லை. கடை கடையாகத் தொங்கவிட்டார். ஒவ்வொரு தட்டியிலும் பக்கத்திலேயே நான்காம் பக்கத்தையும் செருகினார். போலீசார் பாயசம் குடித்த செய்தி அதில்தான் இருந்தது.

நாலு மணிக்கு செல்போன் அடித்தது. நேற்று அதே பந்தியில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட சம்பந்தி.

"சம்பந்தி, ஜாமீன் கெடைச்சுதா?"