பத்துக்கால் பறவை

“என்னைச் சைக்கிள்ல ஏத்திக்கினு போ!”

கேட்டேவிட்டாள் பூங்காவனம். “தாகத்துக்குத் தண்ணி கேளு, தப்பில்ல. ஆம்பளை சைக்கிள்ல இடம் மட்டும் கேட்டுறாதே” என்று அவள் அம்மா தாயம்மா வருஷக்கணக்காக ஓதிய பாடம், பாரிவாக்கம் ஏரிக்கரைச் சேற்றில் அந்த நொடியே அமிழ்ந்துபோனது.

வேறு என்ன செய்வாள்? எட்டரை மணி பஸ்ஸை அரை நிமிஷத்தில் தவறவிட்டாள். பதினொரு மணிக்கு எழும்பூரில் இன்டர்வியூ. நாற்று நட்டவர்கள் பெற்ற பெண், அந்தத் தெருவின் முதல் பட்டதாரி, பி.எஸ்ஸி. விலங்கியல்… மழையில் நின்று அழுவதற்கா பட்டம் வாங்கினாள்?

சைக்கிள் தடுமாறி நின்றது. ஆவடி டாங்கி பாக்டரியில் நைட் ஷிப்ட் முடித்து வருகிற காக்கிச் சட்டை. இமை நுனியெல்லாம் மழைத்துளி. அதற்குக் கீழே… அட, இவ்வளவு பெரிய கண்களை வைத்துக்கொண்டு தரையையே பார்க்கிறானே!

“என்னியா கேட்டே?”

“பின்னே? அதோ மேயுற எருமையையா?”

“யாராச்சும் பார்த்தா…”

“பார்க்கட்டும். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான். மிதி.”

மிதித்தான். செங்கல்வராயன் என்ற தன் பெயரைச் சொல்லவே அவனுக்கு அரை மைல் பிடித்தது. அதற்குள் செயின் கழன்றுவிட்டது. குனிந்து மாட்டிக்கொண்டிருந்தவன் திடீரென்று கூவினான்.

“ஐயே… அந்தப் பறவைக்குப் பத்துக் காலு கீது!”

தாமரை இலைமேல் ஒரு தாமரைக்கோழி. இலை அமிழவில்லை. ஆனால் அதன் இறக்கைகளுக்கு அடியிலிருந்து, இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு, குச்சி குச்சியாகக் கால்கள் தொங்கின.

பூங்காவனம் சிரித்துவிட்டாள். “அதோட காலு ரெண்டுதான். மீதி குஞ்சுங்களோடது. மழை வந்தா நாலையும் இறக்கைக்குள்ள அள்ளிக்கும்.”

“அடடா… தாய் மனசு!”

“தாயா? அது அப்பன்.”

“இன்னாது?”

“முட்டை போட்டதோட பொட்டைக்கு வேலை முடிஞ்சுது. அடைகாக்கறது, மேய்க்கறது, தூக்கிக்கினு ஓடறது… எல்லாம் சேவல்தான்.”

“அப்ப தாய் எங்கே?”

“அடுத்த புருஷன் ஊட்டுக்குப் போயிருக்கும். ஒருத்திக்கு மூணு பேரு, நாலு பேரு.”

“அய்யய்ய!”

“இன்னா அய்யய்ய? ராஜா நூறு கட்டினா வீரம், பறவை நாலு கட்டினா அய்யய்யவா?”

அவன் நிமிர்ந்து பார்த்தான். கன்னத்தில் ஒரு கோடு கிரீஸ். கண் நிறையச் சிரிப்பு. முதல் பார்வை… பூங்காவனத்துக்குள் ஏதோ வழுக்கியது. சனியனே, இன்டர்வியூவுக்குப் படிச்சதெல்லாம் மறந்துடும் போலிருக்கே!

பஸ் ஏறும்போது அவன் மெல்லச் சொன்னான். “அந்தப் பத்துக்காலு கதையை அங்கேயும் சொல்லு. வேலை குடுத்துருவாங்க.”

சொன்னாள். கொடுத்துவிட்டார்கள். திருநெல்வேலியில் ஒரு பெண்கள் கல்லூரி, ஆய்வகத்தில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை, பன்னிரண்டு நாள் கழித்துத் திங்கட்கிழமை சேர வேண்டும்.

அதற்குள் டீக்கடைத் துலுக்கானம் பார்த்த சைக்கிள் காட்சி ஊரெல்லாம் சுற்றி வந்துவிட்டது. அப்பா சின்னப்பையன் பத்து நாளாக அவளோடு பேசவில்லை. பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை, செங்கல்வராயன் தன் அம்மா அங்கம்மாவைப் பூ, வெற்றிலையோடு அழைத்து வந்தான். தாயம்மா மகளிடம் பட்டுப்புடவையை நீட்டினாள். பூங்காவனம் அதை வாங்காமல் சாதாரண நூல் புடவையைக் கட்டிக்கொண்டாள். தகரப்பெட்டி அறைக்குள் தயாராக இருந்தது.

“பொண்ணு லட்சணமாத்தான் கீது,” என்றாள் அங்கம்மா. “சைக்கிள்ல ஏறுனதையும் மறந்துர்றோம். ஆனா வேலை கீலைன்னு திருநெல்வேலி பக்கம் தலை வெக்கக் கூடாது. அப்பால எம்புள்ளைக்கு யாரு ஆக்கிப்போடறது?”

சின்னப்பையன் பத்து நாள் கழித்து வாய் திறந்தார். “ஒத்துக்கோ கண்ணு. ஊர் வாயை அடைக்கணும்.”

பூங்காவனம் உள்ளே போனாள். வெளியே வந்தபோது கையில் பெட்டி இருந்தது.

“ஊர் வாய்க்குப் பூட்டு போடவா நைனா என்னைப் படிக்க வெச்சே?” என்றவள், செங்கல்வராயன் பக்கம் திரும்பினாள். “உன்னை எனக்குப் புடிச்சிருக்கு. நீ செயின் மாட்டுறப்பவே புடிச்சிப்போச்சு. ஆனா சாயங்காலம் எழும்பூர்ல ரயிலு. நான் போறேன்.”

அவன் தரையைப் பார்த்தான்… பிறகு நிமிர்ந்தான்.

“போ,” என்றான். “எனக்கும் உன்னைத் தவிர யாரும் வேணாம். சோறு நான் ஆக்குவேன். ஊட்டை நான் பார்த்துப்பேன். புள்ளைங்க பொறந்தா நானே அள்ளி வெச்சுக்கினு பத்துக் காலோட நிப்பேன். ஆனா…” காது மடல் சிவந்தது. “நாலு பேரு வேணாம். நான் ஒருத்தன் போதும்.”

“டேய், இன்னாடா ஒளர்றே? உனக்கு ஏதுடா பத்துக் காலு?” அங்கம்மா நெஞ்சில் கை வைத்தாள்.

வாசலை மறித்து நின்ற சின்னப்பையன் நகரவில்லை. பூங்காவனம் அவர் தோளைத் தொட்டாள். எத்தனையோ மூட்டை சுமந்து காய்த்த தோள்… அது மெல்ல விலகி வழி விட்டது.

செங்கல்வராயன் பின்னாலேயே ஓடி வந்தான். “பெட்டியைக் கேரியர்ல கட்டிடலாம். நீ எங்கே குந்துவே?”

“முன்னாடி, பார் கம்பில.”

“யாராச்சும் பார்த்தா…”

“பார்க்கட்டும்!”

தெருவில் இறங்கி நடந்தபடியே, டீக்கடைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“துலுக்கானம் அண்ணாத்தே! கிளாஸைக் கீழே வெச்சிட்டு நல்லாப் பாரு!”